முதலில் குறை, அப்புறம் சாவி

வீடு பார்க்க வருகிறவர்களை அந்தம்மா நேராகக் கக்கூஸுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். கூடம், சமையல்கட்டு, மொட்டை மாடிக் காற்று எல்லாம் அப்புறம். கதவைத் தள்ளித் திறந்து, பட்டப்பகலிலேயே டார்ச் அடித்துக் காட்டும்.

"நல்லாப் பாருங்க. தண்ணி ஊத்துனா ஒடனே போவாது. கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் போவும். இதுக்கு ஒத்துக்கினா மேல பேசலாம். இல்லன்னா வெயிலு ஏறுறதுக்குள்ள அவங்கவங்க வீட்டுக்குப் போயிடலாம்."

பக்கத்தில் வீட்டுக்காரன் நான் நிற்பேன். எனக்கு வயிறு எரியும். வெள்ளையடித்து, கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் கொடுத்து, கல்யாணப் பெண் மாதிரி வீட்டை நிறுத்தி வைத்திருப்பேன். இந்தம்மா வந்ததும் பெண்ணின் வாயைத் திறந்து சொத்தைப் பல்லைக் காட்டும்.

"ஏன்க்கா, நீ எனக்கு புரோக்கரா, எதிரியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு வேலைக்கும் சேத்து ஒரே கமிஷன்தான மொதலாளி வாங்குறேன்" என்றது.

அந்தம்மாவின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் பாதிப் பேர் 'அட, நம்ம வீட்டுக்கும் அந்தம்மாதான்' என்று கிளம்பி ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் என் கதையை யார் கேட்பது?

என் கதையும் கேட்கவேண்டிய கதைதான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் நான். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்தேன். கம்பெனிகளில் வெட்டி மிச்சமான துண்டுத்தோலை வாங்கி விற்றேன். அந்தக் காசில் பழைய வீடுகளாகப் பார்த்து வாங்கி, ஒட்டுப் போட்டு, வாடகைக்கு விட்டு முன்னுக்கு வந்தேன். இன்றைக்கு ஆம்பூரில் எந்த டீக்கடையில் நின்று என்னைப் பற்றிக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் அதில் என்ன தப்பு?

புது வீடு வாங்குகிறவன் கட்டினவனின் லாபத்தையும் சேர்த்து வாங்குகிறான். பழைய வீட்டில் லாபம் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எனக்கு உண்டு. தேக்கு உத்திரமா, செல்லரித்ததா என்று தட்டின சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். சுண்ணாம்புக் காரை எங்கே உப்பியிருக்கிறது, ஓடு எங்கே நகர்ந்திருக்கிறது, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைச் சண்டை முடிந்ததா, இதெல்லாம் எனக்கு அத்துப்படி. வாங்கத் தெரிந்த எனக்கு ஆள் வைக்கத்தான் வரவில்லை. வருகிறவன் எல்லாம் ஆறு மாசத்தில் காலி செய்துகொண்டு போவான். போகும்போது அட்வான்ஸைக் கேட்டுச் சண்டை போடுவான். அங்கேதான் இந்தம்மா உள்ளே வந்தது.

ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளை வாட்ச், காலில் ரப்பர் செருப்பு. ஊர் முழுக்கத் தோல் செருப்பு தைத்து உலகத்துக்கே அனுப்புகிறது, இது மட்டும் ரப்பரில் சரக் சரக் என்று நடக்கும். கேட்டால், "தோலு கடிக்குது மொதலாளி" என்னும். கையில் எப்போதும் அந்த டார்ச். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு வாடகை வீடாக மாறி மாறியே பாதி ஆயுசைக் கழித்ததாம். ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சிக் குடி போன மறுநாள்தான் குறை தெரிந்ததாம். ஒரு வீட்டில் மழைக்குச் சமையல் அறையில் குடை பிடித்துக்கொண்டு தோசை ஊற்றியிருக்கிறது.

"மறுநாளு அவனாக் கண்டுபுடிச்சி நம்மள மண்ண வாரித் தூத்துவான். அதுக்கு மொத நாளே நாமளே சொல்லிட்டா இன்னா?" என்பதுதான் அதன் தொழில் தர்மம்.

நான் முதன்முதலாக வாங்கினது ரயில் தண்டவாளத்துக்குப் பின்பக்க வீடு. வண்டி போனால் அலமாரியில் டம்ளர் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நான் என்ன செய்வேன், எந்த வண்டியும் வராத நேரமாகப் பார்த்துத்தான் ஆளைக் கூட்டிப் போய்க் காட்டுவேன். "எவ்ளோ அமைதி பாத்தீங்களா" என்பேன். அவனும் குடி வருவான். முதல் ராத்திரியே தெரிந்துபோகும்.

அந்தம்மா கொண்டு வந்த ஆள், ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர். வீட்டை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டார். எனக்கோ அவசரம், எக்ஸ்பிரஸ் வருகிற நேரம். சாவியைப் பூட்டில் போட்டுக்கொண்டு, "வாங்க சார், டீ சாப்டுவோம்" என்று அவரை வெளியே தள்ளாத குறையாகக் கிளப்பினேன். அந்தம்மா வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"டீ ஓடிப் போவாது. வண்டி வரட்டும், சாரு பாத்துட்டு சொல்லட்டும்."

வந்தது. வீடே குலுங்கியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார். கடைசிப் பெட்டி போனதும் வாட்சைப் பார்த்து, "லேட்டு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். சத்தமே இல்லாத தெரு. தூக்கம் வரமாட்டேன் என்கிறதாம். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். அவர் இருந்த வரைக்கும் அந்த வீட்டுக்கு நான் வேறு ஆள் தேடவே இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தம்மா குறையைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. அந்தக் குறைக்கென்றே ஊரில் ஓர் ஆள் இருப்பான் என்று நம்பி, அவனைத் தேடிக்கொண்டு நடக்கும். ஜன்னலே இல்லாத இருட்டு வீட்டுக்கு, ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரைப் பிடித்தது. மாடிப்படி செங்குத்தாக இருந்த வீட்டுக்கு, மாமியார் மேலே ஏறி வரக்கூடாது என்று விரும்பின ஒரு மருமகளைப் பிடித்தது. அந்தப் பெண் படியைப் பார்த்ததும் வீட்டைப் பார்க்காமலேயே சரி என்று சொல்லிவிட்டாள்.

பஜார் பக்கம் என் இன்னொரு வீட்டில் நிலைப்படி ரொம்பத் தாழ்வு. அந்தக் காலத்தில் யாருக்காகக் கட்டினார்களோ, உள்ளே போகிறவன் எல்லாம் நெற்றியில் வாங்கிக்கொண்டுதான் போவான். இடித்து உயர்த்தலாம் என்றால் மேலே உத்திரம் உட்கார்ந்திருக்கிறது. "இருங்க" என்று சொல்லிவிட்டுப் போன அந்தம்மா, ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தது பாருங்கள்! அப்பா, அம்மா, மச்சான், ரெண்டு பிள்ளைகள், அத்தனை பேரும் குள்ளம். வரிசையாக உள்ளே போனார்கள். ஒருத்தர் தலைகூட இடிக்கவில்லை. நான் அசந்துபோய், "எங்கக்கா புடிச்ச இவங்கள?" என்றேன். "கலியாண வூட்டுல பந்தியில பாத்தேன். பாத்ததுமே ஒங்க நெலப்படிதான் ஞாபகம் வந்துச்சி" என்றது.

சில வருஷம் கழித்து அந்தக் குடும்பத்துத் தகப்பன் என்னிடம் வருத்தமாக வந்தார்.

"காலி பண்றோம்ணா."

"ஏம்ப்பா, எதுனா பேஜாரா?"

"பெரியவன் வளந்துட்டான்ணா" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிள்ளை வளர்ந்ததில் சந்தோஷம், வீட்டை விடுவதில் துக்கம். ரெண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

இப்படி என்னுடைய எல்லா வீடுகளும் நிரம்பி, கம்மியில்லாமல் வருமானம் வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த உப்புக் கிடங்கின் மேல் ஆசை வந்தது.

மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் எல்லாம் டேனரிக்குப் போவதற்கு முன்னால் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு அடுக்கி வைப்பார்கள். அப்படி அடுக்குகிற பழைய கிடங்கு ஒன்று விலைக்கு வந்தது. ஒரு கோயில் மண்டபம் அளவு இடம். தடிச் சுவர், உயரக் கூரை, பர்மா தேக்கு. பக்கத்து மனைக்கட்டின் விலையில் பாதிகூட இல்லை. மற்றவனுக்கெல்லாம் கண் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்று நினைத்தேன்.

அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உள்ளே போனதும் சுவரை விரலால் தேய்த்தது. அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தது.

"ஊறுகா போடலாம்" என்றது.

"பெயிண்ட் அடிச்சா சரியாப் போயிடும்க்கா."

"அடிச்சிப் பாருங்க. சொவரு உள்ள இருந்து உப்பு பூக்கும். மழைக்காலத்துல வேர்க்கும். வேர்க்குறப்ப பழைய தோலு வாசன எழுந்து ஒக்காந்துக்கும். வேணாம் மொதலாளி."

"நான் தோல் நாத்தத்துல வளந்தவன். எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஒங்களுக்கு நாறாது. குடி வர்றவனுக்கு நாறும்ல?"

கேட்கவில்லை. கேட்கிறவனாக இருந்திருந்தால் இன்னும் ஈரத்தோல்தான் சுமந்துகொண்டிருப்பேன். மற்ற வீடுகளை விற்ற காசோடு, நான் குடியிருக்கிற வீட்டையும் பேங்கில் வைத்துக் கிடங்கை வாங்கினேன். அந்த வீடு சாதாரண வீடு இல்லை. மற்றதெல்லாம் அடுத்தவன் கட்டினதை நான் வாங்கினது. இது மட்டும் அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து நானே நின்று கட்டினது. என் வீட்டுக்காரி அந்தச் செங்கல்லுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கிடங்கு வாடகையில்தான் தவணை கட்டியாக வேண்டும். வாடகை நின்றால் நான் கட்டின வீட்டு வாசலில் இன்னொருத்தன் பூட்டுத் தொங்கும். அதுதான் கணக்கு.

கிடங்குக்குள் குறுக்குச் சுவர் எழுப்பி, சின்னச் சின்ன வீடுகளாகத் தடுத்தேன். அந்தம்மா ஆள் கொண்டு வர மாட்டேன் என்றது. "ஐப்பசி மழ ஒண்ணு பெய்யட்டும். சொவரு பூத்தப்புறம் காட்டுறேன்" என்றது. அதுவரைக்கும் எவன் காத்திருப்பான்? வேறு புரோக்கர்களை வைத்துக் கோடையிலேயே நிரப்பிவிட்டேன். தெருவில் அந்தம்மாவைப் பார்த்தபோது, "பாத்தியாக்கா, நீயில்லாமலே ஹவுஸ்ஃபுல்" என்று சொல்லிக் காட்டினேன். அது டார்ச்சை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "சந்தோஷம்" என்று போய்விட்டது.

ஐப்பசி வந்தது. சுவர் பூத்தது. என் ரோஸ் கலர் பெயிண்ட் அப்பளம் அப்பளமாக உரிந்து, ஒரு வீட்டில் கொதிக்கிற ரசத்திலேயே விழுந்தது. இரும்புக் கட்டில் கால் துருப்பிடித்து, ஒருத்தர் தூங்கும்போது கட்டில் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. குடியிருந்த ஒருத்தனின் பொண்டாட்டி, "நான் தெனம் கம்பெனியில தோலு மோந்துட்டு வந்து, வூட்லயும் அதையே மோக்கணுமா?" என்று என் வாசலுக்கே வந்து கேட்டாள். கார்த்திகை தீபத்துக்குள் எல்லோரும் காலி. பொங்கலுக்கு அந்தக் கிடங்கில் நான் ஒருவன்தான் நின்றேன்.

தவணை ஒன்று தவறியது. அப்புறம் இன்னொன்று. பேங்கிலிருந்து ஒருத்தர் டேப் கொண்டுவந்து என் வீட்டை நீள அகலம் அளந்துகொண்டு போனார். என் வீட்டுக்காரி அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் போனதும் என்னைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் வீடு விட்ட. இனிமே நமக்கு வீடு பாக்க அந்தக்காகிட்ட சொல்லி வையி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

விற்றுத் தலைமுழுகலாம் என்று முடிவு செய்தேன். சித்திரை வெயில், சுவரெல்லாம் காய்ந்து சுத்தமாக இருந்தது. மறுபடி பெயிண்ட் அடித்தேன். மேல்விஷாரத்திலிருந்து ஒரு பாய் வந்தார், கையில் நல்ல காசு உள்ளவர். பார்த்துவிட்டு, "எடம் நமக்குப் புடிச்சிருக்குது. ஆனா நமக்கு இங்க ஒரு அம்மா தெரியும். அதையும் வெச்சிப் பேசுவோம்" என்றார். எந்த அம்மா என்று கேட்க வேண்டுமா?

பாய் மறுபடி வருவதற்கு முந்தின நாளே நான் அந்தம்மாவின் வீட்டுக்கு ஓடினேன்.

"யக்கா, என் மானம், வீடு, பொண்டாட்டி முகம் எல்லாம் ஒன் வாயில இருக்குது. ரெண்டு பக்கக் கமிஷனையும் நானே தர்றேன். சொவத்தப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது."

என் வீட்டை அளந்துகொண்டு போன சங்கதி அதற்கும் தெரியும்.

"சரி. கமிஷன் கிமிஷன் வேணாம். ஒங்க வூட்டம்மாவுக்காக வாயத் தொறக்காம ஒக்காந்துக்குறேன். ஆனா பொய்யி சொல்லச் சொல்லாதீங்க, எனக்கு வராது."

மறுநாள் சொன்னபடியே வந்தது. கிடங்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தது. டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டது. உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்க்க ஆரம்பித்தது. நான் பாய்க்கு உத்திரத்தைக் காட்டினேன், கூரை ஓடுகளைக் காட்டினேன், காற்றைக் காட்டினேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போகிற அளவுக்குப் பேசினேன். பாய் என்னைக் கவனிக்கவே இல்லை. திரும்பித் திரும்பி அந்தம்மாவைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்ணுமே பேசல?"

அந்தம்மா கூரையைப் பார்த்தது.

"கேஸு கீஸு இருக்குதா?"

இல்லை என்று தலையை ஆட்டியது.

"பேய் கீய்?"

அதற்கும் இல்லை.

"பத்திரத்துல வில்லங்கமா?"

இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. தும்மலை அடக்குகிறவர்களுக்கு வருமே, அந்த மாதிரி.

பாய் மெதுவாக என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எங்க தங்கச்சிக்கு வீடு பாத்தப்ப இந்தம்மா மூச்சு விடாம குறை சொல்லிக்கினே இருந்துச்சி. எங்க தங்கச்சி அங்க ராணி மாதிரி இருக்குது. இன்னிக்கி இதுவே வாய மூடிக்கினு ஒக்காந்திருக்குதுன்னா, பேயவிடப் பெருசா ஏதோ இருக்குது. நமக்கு வேணாம்" என்றார். வெளியே போய்க் காரில் ஏறும்போதுகூட ஒரு தடவை பயந்து திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பேசித்தான் கெடுப்பன்னு நெனச்சேன். நீ பேசாமலே கெடுத்துட்டியேக்கா!"

"நான் இன்னா பண்ணுவேன் மொதலாளி? சொன்ன சொல்லக் காப்பாத்தினேன். எவ்ளோ கஷ்டமா இருந்துச்சி தெரியுமா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடு போகிற நேரத்தில் வருகிற சிரிப்பு அழுகையைவிட மோசம். ரெண்டு பேரும் அந்தக் காலிக் கிடங்கில் உட்கார்ந்து சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் அந்தம்மா சொன்னது: "பேசாம ஒக்காந்ததுல ஒரு லாபம். வெளிய அனலு அடிக்குது, இங்க பாருங்க, மண்பானக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்குது. நீங்க எழுப்பின குறுக்குச் சொவத்த எல்லாம் இடிங்க. இது குடும்பம் நடத்துற எடம் இல்ல. வேல செய்யுற எடம்."

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்போம், கையால் தைக்கிற பெண்கள் நிறையப் பேர். கம்பெனியிலிருந்து சரக்கு வரும், வீட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார்கள். அப்படி ஒரு கூட்டம், தைக்க இடமில்லாமல் ஒரு தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது. தகரத்தின் சூட்டில் தோல் வறட்டி மாதிரி ஆகிவிடும், ஊசி உடையும். நனைத்து நனைத்துத் தைத்தாலும் தைத்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒரு தடித்த அம்மாள், குரலிலேயே வண்டியை நிறுத்துவாள். அவளைத்தான் அந்தம்மா மனசில் வைத்திருந்தது.

நான் எழுப்பின சுவரை நானே ஆள் வைத்து இடித்தேன். இடிக்கவும் ஒரு தைரியம் வேண்டும். என் இடத்தில் வேறு ஆளாக இருந்தால் இடித்திருக்க மாட்டான்.

"நாளைக்கே கூட்டியாக்கா" என்றேன்.

"மழ வரட்டும்."

"அதுக்குள்ள பேங்க்காரன் வந்துடுவான்க்கா!"

"வெயில்ல காட்டி ஆள் வெச்சீங்களே, போன வருஷம், அவங்க எங்க இப்ப?"

அந்த ஆனி மாசம் நான் வானத்தைப் பார்த்த மாதிரி எந்த விவசாயியும் பார்த்திருக்க மாட்டான். பேங்கில் போய்க் கெஞ்சினேன். நான் கெஞ்சினதை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஆடி முடிவு வரைக்கும் பார்க்கிறோம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

ஆடிக் கடைசியில், ஒரு மத்தியானம், ஏலகிரிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. ரெண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்தம்மா அந்தத் தையல்காரப் பெண்களோடு வந்து நின்றது. சுவரெல்லாம் வேர்த்து, பொரிபொரியாய் உப்புப் பூத்திருந்தது. பழைய வாசனை எழுந்து உட்கார்ந்திருந்தது. தவணைக் கெடு நெருங்கிவிட்டது. என் வீட்டுக்காரியும் என்னோடு வந்து, கதவோரம் நின்றிருந்தாள்.

அந்தம்மா டார்ச்சை அடித்தது.

"நல்லாப் பாருங்க. சொவத்துல உப்பு. எவ்ளோ சொரண்டினாலும் போவாது. சரக்கச் சொவத்துல சாச்சீங்க, வெள்ளையாப் பூத்துடும், கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிடுவான். நடுவுல மணை போட்டுத்தான் ஒக்காரணும். ஆணி அடிச்சா துரு. மழைக்கு நாத்தம் எழும்பும். போர்த் தண்ணி வாயில வெக்க முடியாது, குடிக்கிற தண்ணி வாங்கணும். கக்கூசு ஒண்ணுதான், அதுக்குக் கதவு சரியாச் சாத்தாது."

ஒவ்வொன்றுக்கும் என் உயிர் ஒரு அங்குலம் இறங்கியது. தடித்த அம்மாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"இதுவா நாத்தம்? எங்க வூட்டுக்காரன் சட்டையில இதவிட ஜாஸ்தி." பெண்கள் சிரித்தார்கள். "வெயில் காலத்துல எப்பிடி?"

"சித்திரையில ஒக்காந்து பாத்துட்டேன். மண்பான."

அவள் தன் பையிலிருந்து பாதி தைத்த அப்பர் ஒன்றை எடுத்து விரலால் மடக்கிப் பார்த்தாள். அந்த ஈரத்தில் தோல் துணி மாதிரி மடங்கியது. மற்றவர்களும் வாங்கி மடக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்குள் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அவ்ளோதானா குறை? இன்னும் எதுனா இருக்குதா?"

"இருக்குது. அதான் பெருசு" என்று அந்தம்மா டார்ச்சை அணைத்தது. மோவாயால் என்னைக் காட்டியது. "இவரு. வூட்டுக்காரரு. தெனம் வருவாரு. வந்து ஒக்காந்தாருன்னா எழுந்துக்க மாட்டாரு. தோலு சொமந்ததுலருந்து ஆரம்பிப்பாரு. இந்த உத்திரத்தக் கண்டுபுடிச்சதே நான்தான்னுவாரு. காது வலிக்கும். இதுக்கு மருந்து கெடையாது. ஒத்துக்கினா மேல பேசலாம்."

ஆம்பூரில் அதுவரைக்கும் என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை, அதுவும் என் பொண்டாட்டி முன்னால். வாயைத் திறந்தேன். நான் கட்டின வீடு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மூடிக்கொண்டேன். கதவோரம் திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரி 'உண்மைதான்' என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

தடித்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஓட்டை உடைசல் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

"பேசி முடிச்சதும் வாடக ஏத்துவாராக்கா?"

"எங்க? பேசவே பொழுது பத்தாது. ஏத்துறத மறந்துடுவாரு."

"அப்பப் பேசட்டும்கா. எங்க ரேடியோ ரிப்பேராகி ரொம்ப நாளாச்சு."

கூரை அதிரச் சிரித்தார்கள். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, எல்லோரும் சேர்த்த அட்வான்ஸை அங்கேயே என் வீட்டுக்காரி கையில் வைத்தாள். என் கையில் இல்லை, அவள் கையில். அவள் அதை மடியில் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், மழைச் சேற்றில் பேங்குக்கு நடந்தாள். பாக்கித் தவணையை அன்றைக்கே கட்டி, ரசீதோடு வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டாள்.

பெண்கள் அதற்குள் நடுவில் கோணியை விரித்து வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஊசியும் நூலும் வெளியே வந்தன. தடித்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நிக்கிறீங்களே மொதலாளி? ஒக்காருங்க. ஆரம்பிங்க."

பெண்கள் கோணியை நகர்த்தி இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன். அந்தம்மா சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனது.